தோட்டத்து அலுவலகத்தில் முகநூல் பார்த்த ஆறு மாதங்கள்

ஓர் அலுவலகத்தின் முகநூல் பக்கத்தைக் கவனித்துக்கொள்வது, எல்லாரும் வேலை செய்யும்போது நீங்கள் மட்டும் விளையாடிக்கொண்டிருப்பதுபோல் தெரியும் வேலை. தொழிற்பயிற்சிக்குப் போய் இதில் மாட்டிக்கொண்ட மாணவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

டிப்ளோமா கடைசித் தவணையில் என் தோழிகளுக்குக் கோலாலம்பூரில் உயரமான கட்டடங்கள் கிடைத்தன. எனக்கு அசாம் ஜாவா என்ற ஊருக்கு உள்ளே ஒரு செம்பனைத் தோட்டம் கிடைத்தது. தினமும் கோலா சிலாங்கூரிலிருந்து மோட்டார் சைக்கிளில் போய்வருவேன். தோட்டத்தின் முகநூல் பக்கத்தில் வாரம் மூன்று பதிவு போடுவதுதான் வேலை. அதுபோக எனக்குச் சொந்தமாக ஒரு வலைப்பூ இருந்தது. அதைப் பற்றி அங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுவரில் ஒட்டிய தாள்

'வேலை நேரத்தில் கைப்பேசி, முகநூல் கூடாது' என்று அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஒட்டியவர் அலுவலகக் கணக்கு வழக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணி, சவரிமுத்து ஐயா. அந்தத் தாளுக்கு நேர் கீழேதான் எனக்கு மேசை போட்டார்கள். ஐயா கோப்பு எடுக்க என் பின்னால் போகும் ஒவ்வொரு முறையும் என் திரையில் முகநூல்தான் இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு போவார். மேனேஜரே கொடுத்த வேலையை மறைக்க, முதல் வாரம் முழுக்க ஓர் எக்ஸெல் கோப்பைத் தயாராகத் திறந்து வைத்திருந்தேன்.

அலுவலகத்தைக் கூட்டித் துடைத்துத் தேநீர் கலக்கும் லெட்சுமி அக்கா, பால்மாவு டின்னுக்குப் பின்னால் கைப்பேசியை வைத்து முகநூல் பார்த்து இரண்டு முறை ஐயாவிடம் பிடிபட்டவர். மூன்றாம் நாள் கோப்பையை என் மேசையில் வைத்துவிட்டு, திரையையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நான் பாத்தா குத்தம், நீ பாத்தா வேலையா? எந்தக் காலேஜுன்னு சொல்லு லா, என் மவளயும் சேத்துடுறேன்."

மண்டோரின் முகம்

செம்பனைக் குலை வெட்டும் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் பெருமாள் அண்ணன் இருபது வருடமாக ஒரு நாள்கூட தாமதமாக வந்ததில்லை என்று கேள்விப்பட்டு, அவரைப் பற்றி ஒரு பதிவு போட ஆசைப்பட்டேன். குலைகள் குவிந்திருந்த இடத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். ஹெல்மெட்டின் நிழல் முகத்தில் விழுந்தது. கழற்றச் சொன்னேன். கழற்றி, தலையைக் கையாலேயே வாரிக்கொண்டு, விறைப்பாக நின்றார்.

படத்துக்கு நல்ல வரவேற்பு. தலைமை அலுவலகத்திலும் பார்த்திருக்கிறார்கள். வெட்டும் இடத்தில் ஹெல்மெட் இல்லாமல் நின்றதற்காக மறுநாளே அண்ணனுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் கடிதம். நான் சாப்பிடாமல் மேனேஜர் அறை வாசலில் நின்று, கழற்றச் சொன்னது நான்தான் என்று சொன்னேன். அவர் அண்ணனின் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அதே வாசகத்தோடு எனக்கு ஒன்று அடித்துக் கொடுத்தார்கள்.

அண்ணனிடம் மன்னிப்புக் கேட்க ஓடினேன். அவர் கைப்பேசியில் இன்னும் அந்தப் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அழிக்கச் சொல்லிட்டாங்களாமே தங்கச்சி. அழிக்கிறதுக்கு முன்னால எனக்கு ஒன்னு அனுப்பிடு, பொண்டாட்டி கேக்குறா."

மூன்று சுழி

சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது லெட்சுமி அக்கா அலுவலகக் குழாயில் நான்கு பெரிய போத்தல்களில் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார். ஒருநாள் சுமக்க உதவியாக அவரோடு தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போனேன். அங்கே குழாயைத் திறந்து காட்டினார். தேநீர் நிறத்தில் வந்தது. லயத்துத் தண்ணீர்த் தொட்டியைக் கழுவி எத்தனையோ காலமாம். அன்று வீட்டுக்குப் போனதும் என் வலைப்பூவில் எழுதினேன். தோட்டத்தின் பெயரைப் போடவில்லை, வலைப்பூவின் மேல் மூலையில் என் படம் மட்டும் இருந்தது. வழக்கமாகப் படிப்பவர்கள் பத்துப் பேருக்கு மேல் போகாது, அவர்களில் மூவர் என் தோழிகள். ஆனால் யாரோ அதை வாட்ஸ்அப் புலனத்தில் பகிர, ஒரே வாரத்தில் அது மேனேஜரின் கைப்பேசிக்கே வந்து சேர்ந்தது.

மேனேஜர் மலாய்க்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. பெரிய கிராணியைக் கூப்பிட்டு என் முன்னாலேயே மொழிபெயர்க்கச் சொன்னார். அச்செடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஐயா வரி வரியாக மலாயில் சொன்னார். 'மேனேஜர் வீட்டு மீன்தொட்டியில்கூட இதைவிட நல்ல தண்ணீர் இருக்கும்' என்று நான் எழுதிய இடம் வந்தது. ஐயா இருமினார், அடுத்த வரிக்குப் போய்விட்டார். படித்து முடித்ததும், தொட்டியைப் பற்றித் தலைமை அலுவலகத்துக்குத் தானே மூன்று கடிதம் எழுதியிருப்பதாகச் சொல்லி, நகல்களை மேசையில் வைத்தார். யார் சொல்லி எழுதினாய் என்று மேனேஜர் என்னைக் கேட்டார். என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அக்காவின் பெயரைச் சொல்லவில்லை. பதிவை நீக்கச் சொன்னார். கல்லூரிக்கு எழுதிவிட்டால் படிப்பே போய்விடும் என்ற பயத்தில் அங்கேயே நீக்கினேன். அதை நினைத்தால் இப்போதும் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மறுவாரம் தொட்டியைக் கழுவ ஆட்கள் வந்தார்கள். எதனால் வந்தார்கள் என்று யாரும் பேசவில்லை. அன்று மேனேஜர் அறையைவிட்டு வெளியே வந்ததுமே ஐயா அந்தத் தாளை என்னிடம் கொடுத்தார். அவசரத்தில் நான் 'தன்னீர்' என்று தட்டியிருந்த ஏழு இடங்களிலும் சிவப்பு மையில் வட்டம். "தண்ணீருக்கு மூணு சுழி ண, பிள்ள. கோவத்துல எழுதினாலும் அது மாறக்கூடாது."

பின்வரிசையில் மூன்றாமவர்

பதிவுக்கு விஷயம் கிடைக்காத ஒரு வாரம், ஐயாவின் இரும்பு அலமாரியில் ஒரு பழைய படம் அகப்பட்டது. தோட்டத்துக் காற்பந்துக் குழு. பெயர் எதுவும் எழுதியிருக்கவில்லை. 'இவர்களை யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டுப் போட்டேன். தோட்டம் கைமாறியபோது வெளியேறியவர்களின் பிள்ளைகள் ராசாவிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் எழுத ஆரம்பித்தார்கள். கோல் காவலர் எங்கள் மாமா என்றார் ஒருவர். ஐயா என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கீழ போ, இன்னும் கீழ போ" என்று வேலை நேரத்தில் முகநூல் படித்தார்.

பத்தாங் காலியிலிருந்து ஓர் அம்மா, 'பின்வரிசையில் இடமிருந்து மூன்றாமவர் என் அப்பாவாக இருக்கலாம்' என்று எழுதினார். கோல் காவலரின் மருமகன் மாமாவிடம் கேட்டுச் சொன்னார்: ஆமாம், அது முனியாண்டிதான். அந்தச் சனிக்கிழமை காலை அந்த அம்மா கணவரோடு வந்தார். ஐம்பது வயதிருக்கும். அவருக்கு இரண்டு வயதாக இருக்கும்போது அப்பா லோரி விபத்தில் போய்விட்டாராம். வீட்டில் இருப்பது அடையாள அட்டைப் படம் ஒன்றுதான், அதைத்தான் பெரிதாக்கி மாலை போட்டிருக்கிறார்களாம்.

படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். மற்றவர்கள் எல்லாரும் விறைத்துக்கொண்டு கேமராவைப் பார்க்க, மூன்றாமவர் மட்டும் பக்கத்து ஆளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். ஐயா நகலை அலமாரியில் வைத்துக்கொண்டு அசலை அவரிடமே கொடுத்தார். எந்தக் காகிதத்துக்கும் கையெழுத்து வாங்காமல் விடாதவர், அன்று வாங்கவில்லை. லெட்சுமி அக்கா கலக்கிக் கொடுத்த தேநீர் ஆறிப்போயிருந்தது. அந்த அம்மா யாரிடம் என்றில்லாமல் சொன்னார்: "வீட்டுல இருக்கிற படத்துல முறைச்சிக்கிட்டு இருப்பாரு. எங்கப்பா சிரிப்பாருன்னு எனக்குத் தெரியாது."

கடவுச்சொல்

கடைசி நாள், பக்கத்தின் கடவுச்சொல்லை யாரிடமாவது ஒப்படைக்கச் சொன்னார்கள். ஐயா கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பெருமாள் அண்ணன் தோட்டத்துக்குள் மறைந்துவிட்டார். லெட்சுமி அக்காதான் வாங்கிக்கொண்டார்.

இப்போது நான் பட்டப்படிப்பில் இருக்கிறேன். விடுதியில் கண்விழித்ததும் அந்தப் பக்கத்தைத்தான் திறக்கிறேன். தினமும் ஒரு ரோஜாப்பூவும் காலை வணக்கமும் இருக்கும், நான் தவறாமல் லைக் போடுவேன். அலுவலக மின்விசிறியின் சத்தமும், ஐயா தொண்டையைச் செருமுவதும் அப்போது காதில் கேட்பதுபோல் இருக்கும். தோட்டத்துப் பக்கத்தில் வெறும் பூவாகப் போடுகிறீர்களே, மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லையா என்று ஒருமுறை அக்காவுக்குப் போன் செய்து கேட்டேன். "பூவப் பாத்துட்டு யாரும்மா சண்டைக்கு வரப்போறா?" என்றார்.

கல்லூரியில் நான் கொடுத்த பயிற்சி அறிக்கைக்கு 'வேலையிடத்தில் சமூக ஊடகம்: நேர விரயத்தைக் குறைக்கும் வழிகள்' என்று தலைப்பு வைத்திருந்தேன்; மேலே சொன்னதில் ஒன்றைக்கூட அதில் எழுதவில்லை, 'ஏ' கிரேடு கிடைத்தது.