முனீஸ்வரன் சுருட்டுக்குப் போட்ட ஓட்டு

முழங்கையிலிருந்து விரல் நுனி வரை நீளம், குழந்தையின் மணிக்கட்டுப் பருமன், அடியில் சோளமட்டை, நடுவில் சிவப்பு நூல் கட்டு. அப்படி ஒரு சுருட்டு வருடத்தில் ஒரே ஒரு நாள், கார்த்திகைக் கடைசி வெள்ளியன்று, எங்கள் முனீஸ்வரன் கல்லுக்கு முன்னால் வாழை இலையில் படுத்திருக்கும். அதைச் சுற்றியவள் என் சின்னம்மா, அம்மாவின் தங்கை. மற்ற நாட்களில் கடைகளுக்குச் சுருட்டு சுற்றிக் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. சுருட்டுக்கு மேலே சுற்றுகிற தனப்பெ இலையை விரித்து, தூளை அள்ளிப் போட்டு, ஓர் உருட்டு உருட்டினால் முடிந்தது. பேசிக்கொண்டே கை ஓடும். சாமி சுருட்டு சுற்றும்போது மட்டும் பேச மாட்டாள். அதன் நடுவில் புகையிலையோடு கஞ்சா வைக்க வேண்டும். எங்கள் ஆட்கள் கப்பலேறிப் பர்மாவுக்கு வந்தபோது முனியோடு சேர்ந்து வந்த வழக்கம் அது. வெள்ளைக்காரன் காலத்தில் யாரும் கேட்கவில்லையாம். எங்கள் காலத்தில் கஞ்சா கையில் இருந்தால் வருடக் கணக்கில் உள்ளே போக வேண்டும். நாங்கள் இருந்ததோ இன்சீனில். ஊர்ப் பெயரைச் சொன்னாலே சனங்களுக்கு அங்கே உள்ள பெரிய சிறையின் மதில்சுவர்தான் ஞாபகம் வரும். கோயிலுக்குப் போகிற வழியிலேயே அதைப் பார்த்துக்கொண்டுதான் போவோம்.

நான் நான்காம் வகுப்போடு நின்றவள். அப்பா போன பிறகு சின்னம்மா என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டி வந்து, தன் சுளகுக்கு எதிரே உட்கார வைத்தாள். பயம் என் கூடப் பிறந்தது. கதவைத் தாழிட்டேனா என்று எழுந்து போய்ப் பார்ப்பேன். வந்து படுத்த பிறகு, பார்த்தது இன்றைக்கா நேற்றைக்கா என்று சந்தேகம் வரும். சின்னம்மா அதற்கு நேர் எதிர். அவளுக்கு ஒரே மகன், எனக்குத் தம்பி முறை, ரயில்வே பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தான். எண்பத்தெட்டாம் வருடக் கலவரத்தில் சிநேகிதப் பையன்களோடு அரசாங்கத்தை எதிர்த்து ஊர்வலம் போனவன், புரட்டாசி மாதத்தில் அவர்களோடு எல்லைப் பக்கம் போய்விட்டான் என்று சொன்னார்கள். ஒரு சேதியும் வரவில்லை. சின்னம்மா அழுது நான் பார்க்கவில்லை. அந்த வருடமும் சாமி சுருட்டை நிறுத்தவில்லை. மகன் வீடு திரும்புகிறவரை ஒரு வருடமும் தவறாமல் வைப்பதாக முனியிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள் என்று சனம் சொன்னது. நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தச் சுருட்டு ஒரு வருடம் தவறினால் இவள் உடைந்துவிடுவாள் என்றும் நம்பினேன்.

கஞ்சா, பானைக்குப் பேர்போன த்வாண்டேயிலிருந்து வரும். பூசைக்குப் பொங்கல் பானை வாங்குகிற சாக்கில் சின்னம்மா ஆற்றைக் கடந்து போவாள். சாயங்காலம் நகரத்தைச் சுற்றி ஓடும் வட்ட ரயிலில் திரும்பி வருவாள். நான் இன்சீன் ஸ்டேசனில் நின்று, ஒவ்வொரு பெட்டியாகப் பார்த்து, வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பேன். அவள் இறங்கி, உமி அடைத்த பானையை என் கையில் கொடுப்பாள். உமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று நான் கேட்டதில்லை. தம்பி எல்லைக்குப் போன அந்த வருடம், பிளாட்பாரத்தில் ஒரு காக்கிச் சட்டையைப் பார்த்து ஒதுங்கப் போய், பானையின் விளிம்பைக் கம்பியில் இடித்துவிட்டேன். ஒரு சில்லு தெறித்துப் போயிற்று. "பானைதானே புள்ள, நட" என்றாள். அவள் நடை மாறவே இல்லை. ஒவ்வொரு வருடத்துப் பானையையும் பூசை முடிந்ததும் கழுவி, நான் படுக்கிற கட்டிலுக்கு அடியில் அடுக்கி வைப்பாள்.

தொண்ணூற்றாறாம் வருடம் என்று நினைக்கிறேன். எங்கள் கோயில் தர்மகர்த்தாவுக்குச் சந்தையில் எண்ணெய்க் கடை. கடைக்குப் பின்னால் மூட்டை இடுக்கில் ஒரு வானொலிப் பெட்டி வைத்து, காதைப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டு வெளிநாட்டுச் செய்தி கேட்பார். பூசைக்குச் சில நாள் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தார். முகமெல்லாம் திகைப்பு. அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்தில், நோயாளிக்குக் கஞ்சாவை மருந்தாகக் கொடுக்கலாமா என்று சனங்களிடமே ஓட்டுக் கேட்டார்களாம். கொடுக்கலாம் என்று சனம் சொல்லிவிட்டதாம்.

எனக்கு முதலில் புரியவே இல்லை. ஓட்டு என்றால் ஆளுக்குத்தானே போடுவோம்? செடிக்கு எப்படிப் போடுவது? அப்படியே போட்டாலும், போட்டபடி நடக்குமா? நாங்களும் ஆறு வருடம் முன்னால் வரிசையில் நின்று போட்டவர்கள்தான். ஜெயித்தவர்களை ஆள விடவில்லை; அந்தப் பெட்டிகளைப் பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை.

தர்மகர்த்தா வந்தது சேதி சொல்ல மட்டுமில்லை. இந்த வருடத்திலிருந்து கஞ்சா வேண்டாம், வெறும் புகையிலை போதும் என்று சொல்ல வந்திருந்தார். புதுச் சட்டம் கடுமையாக இருக்கிறது, வார்டில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். அவர் பின்னாலேயே சாமியாடி வந்துவிட்டார். பட்டறையில் ஃபிட்டர். அந்தச் சுருட்டை இழுத்துத்தான் வருடா வருடம் முனி அவர் மேல் இறங்கும்.

"வெறும் புகையிலைக்கு முனி வருமா? என்னாண்ணே பேசுறீங்க? அது என்ன, உங்க கடைக் கடலை எண்ணெயா, கலப்படம் பண்ண?"

"மாட்டினா நீயாடா உள்ள போவே? கொண்டாறது இந்தப் பொம்பள!"

"அமெரிக்காக்காரனே சரின்னுட்டான்!"

"அவன் ஊருல சரி. நம்ம ஊருல மதில் பக்கத்துல இருக்கு!"

சின்னம்மா சுருட்டு சுற்றுவதை நிறுத்தவில்லை. "அண்ணே, அந்த ஊர்ச் சனம் ஓட்டுப் போட்டுத்தானே முடிவு பண்ணுச்சு? நாமளும் போடுவோம்" என்றாள்.

ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு இருந்த காலம். கோயில் காரியம் என்று சொல்லித்தான் பூசைக்கே கூடுவோம். அதில் ஓட்டா? அதுவும் கஞ்சாவுக்கா? வேண்டாம் சின்னம்மா என்று அவள் காலைப் பிடிக்காத குறை. தர்மகர்த்தா மட்டும் தலையாட்டிவிட்டார். பழியை ஓட்டின்மேல் போட்டுவிட்டு, தான் முனியிடமிருந்து தப்பிக்கலாம் என்று நினைத்திருப்பார். நான் அந்த இரவுகளில் நினைத்ததெல்லாம் வேறு. நிறுத்து என்று சனம் சொல்லிவிட்டால் சின்னம்மாவின் வேண்டுதல் போயிற்று, தம்பி வரமாட்டான். கொடு என்று சொன்னால் சின்னம்மா மாட்டுவாள். இரண்டில் எது விழுந்தாலும் எனக்குச் சோறு இறங்காது.

வீட்டுக்கு ஓர் ஓட்டு. பொம்பளை போட்டாலும் செல்லும். பழைய பால்மாவு டின் ஒன்றைச் சிவப்புத் துணியால் மூடி, துணியில் ஒரு கீறல் போட்டு, முனியின் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தாள் சின்னம்மா. கஞ்சா தொடரட்டும் என்றால் மஞ்சள் துண்டு, நிறுத்தட்டும் என்றால் பாக்கு. கையை மூடிக்கொண்டு போய்ப் போட்டுவிட்டுக் கும்பிட்டு வர வேண்டும். அந்த வருடத்துச் சுருட்டு இலையில் தயாராக இருந்தது. சாம்பிராணி இன்னும் போடவில்லை. நானும் போட்டேன். என் பின்னால் நாலைந்து பேர் பாக்கி இருக்கும்போது சைக்கிள் மணி கேட்டது. எங்கள் வார்டுத் தலைவர், பர்மாக்காரர், கூட இரண்டு ஆட்களோடு வந்து இறங்கினார்.

"என்ன பெட்டி இது?" என்று பர்மிய மொழியில் கேட்டார். "இந்தியர்கள் பெட்டி வைத்து ஓட்டுப் போடுகிறார்கள் என்று சொல்கிறார்களே?"

தர்மகர்த்தா துண்டை எடுத்து முகம் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். சாமியாடியைக் காணவில்லை, பூவரச மரத்துக்குப் பின்னால் அவருடைய லுங்கி மட்டும் தெரிந்தது. சின்னம்மா முன்னால் வந்தாள்.

"சாமிக்குக் காணிக்கை, சயா. மஞ்சளும் பாக்கும்."

அவர் துணியை விலக்கிப் பார்த்தார். மஞ்சளும் பாக்கும்தான் இருந்தன. சரி, போய்விடுவார் என்று நான் மூச்சு விட்டேன். அப்போதுதான் அவர் கண் சுருட்டின்மேல் விழுந்தது.

"இவ்வளவு பெரிசா? யாருக்கு, அடோ?"

அத்தையைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகத்தான் கேட்டார்.

"எங்க போபோ குடிப்பாரு, சயா. உங்க போபோவுக்கு நீங்க வைக்கிறதில்லையா?"

அவர்களும் காவல் தெய்வங்களைப் போபோ, தாத்தா என்றுதான் சொல்வார்கள்; சுருட்டும் வைப்பார்கள். அவர் சிரித்தார். குனிந்து அதைக் கையில் எடுத்து, மூக்கின் கீழே வைத்து முகர்ந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற பொம்பளை என் கையைப் பிடித்து நசுக்கினாள்.

"போபோ குடிப்பதில் எனக்கும் ஓர் இழுப்பு கிடைக்குமா?"

"குடிங்க, சயா" என்று சின்னம்மா தீக்குச்சியைக் கிழித்தாள்.

அந்தக் குச்சி எரிந்த நேரத்தை இன்றைக்கும் என்னால் முழுசாக நினைத்துப் பார்க்க முடியவில்லை. இடையில் எங்கேயோ அறுந்துவிடுகிறது. அவர் இழுத்தார், இருமினார், மறுபடி இழுத்தார். புகை எங்கள் பக்கம் வந்தது. எல்லார் மூக்கும் அந்த ஒரு வாசனைக்காகக் காத்திருந்தது. புளி, வெல்லம், புகையிலை. தினமும் எங்கள் வீட்டில் அடிக்கிற வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"நல்ல சுருட்டு, அடோ. கடையில் இப்படிக் கிடைப்பதில்லை. சீக்கிரம் முடித்துவிட்டுக் கலையுங்கள்." சுருட்டை இலையில் வைத்தார். சைக்கிள் போய்விட்டது.

சாமியாடி மரத்துக்குப் பின்னாலிருந்து மெதுவாக வெளியே வந்தார். சுருட்டைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார்.

"அக்கா... எத்தனை வருசமா?"

"எம் புள்ள போனதுலேருந்து."

"அப்ப இத்தனை வருசமா எம்மேல வந்தது என்ன?"

"அத நீதான்டா சொல்லணும்!"

ஒரு கிழவர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். சாம்பிராணிப் புகையில் எட்டு வருடமாக யார் மூக்குக்கும் வித்தியாசம் தெரிந்திருக்கவில்லை. தர்மகர்த்தாவுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. "ஏம்மா, இல்லாத கஞ்சாவுக்கா இவ்வளவு பேரையும் ஓட்டுப் போட வச்சே? பதறிப் போய்ட்டோமே!"

"பாக்கிப் பேரும் போடட்டும். அப்புறம் எண்ணுங்கண்ணே."

எண்ணினார்கள். மஞ்சள்தான் அதிகம். சின்னம்மா கல்லின் பக்கம் திரும்பினாள். கும்பிடவில்லை. சந்தையில் எடை குறைத்தவனிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"கேட்டுக்கிட்டியா? சனம் குடுன்னு சொல்லிருச்சு. குடுக்காதது நான்தான்."

வார்டுத் தலைவர் வாய் வைத்த நுனியைக் கத்தரித்து எறிந்துவிட்டு, மீதியைப் பற்றவைத்தாள். சாமியாடி கையில் வாங்கினார், இழுக்கவில்லை. அந்த வருடம் முனி யார் மேலும் இறங்கவில்லை.

டின்னில் இருந்த மஞ்சளை வீட்டுக்குக் கொண்டு வந்து மறுநாள் உரலில் இடித்தாள். நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். வேண்டுதல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது சண்டை என்று அப்போதுதான் புரிந்தது. சாமியோடு ஒருத்தி இப்படிச் சண்டை போடலாம் என்பதே எனக்குத் தாங்கவில்லை. கல்லைப் பார்த்துப் பயப்படுவதா, இவளைப் பார்த்துப் பயப்படுவதா என்று தெரியவில்லை.

"ஓட்டு எதுக்கு சின்னம்மா? தர்மகர்த்தா சொன்னப்பவே சரின்னுருக்கலாமே?"

"சரின்னா என்னாகும்? சட்டம் விடல, தர்மகர்த்தா விடல, அதான் குடுக்கலன்னு அவன் நெனச்சுக்குவான். தப்பிச்சிருவான். எம் புள்ளயக் கொண்டாந்து விடட்டும். அன்னைக்குக் குடுக்கறேன், நல்லதாவே." உலக்கையை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "நீ பாக்குத்தானே போட்டே?"

நான் உரலைச் சுற்றிச் சிதறின மஞ்சளைக் கூட்டி அள்ளினேன்.

"தெரியும். பயந்தாங்கொள்ளி" என்றாள். மறுபடி இடிக்கத் தொடங்கினாள்.

தம்பி வரவில்லை. பெரிய புயல் அடித்ததற்கு முந்தின வருட மழைக்காலத்தில் சின்னம்மா போய்ச் சேர்ந்தாள். காரியம் முடிந்ததும் கட்டிலுக்கு அடியில் இருந்த த்வாண்டே பானைகளை ஒவ்வொன்றாக இழுத்தேன். எல்லாம் கழுவிக் கவிழ்த்தவை. சுவரோரம், என் தலைமாட்டுக்கு நேர் கீழே இருந்த ஒன்று மட்டும் நிமிர்ந்து, வாயில் துணி கட்டியிருந்தது. விளிம்பில் ஒரு சில்லு தெறித்திருந்தது. துணியை அவிழ்த்தேன். உள்ளே உமி. உமிக்கு அடியில் கையை விட்டேன். தனப்பெ இலையில் பொதிந்து சிவப்பு நூல் கட்டிய ஒரு பொட்டலம். பச்சை போய் மண் நிறமாகி, தொட்டால் பொடியாகிறது. வாசனை மட்டும் போகவில்லை. கதவைத் தாழிட்டேனா என்று எழுந்து எழுந்து பார்த்தேனே, அத்தனை இரவும் நான் அதன் மேலேதான் படுத்திருந்தேன்.

இந்த வருடம் நவம்பரில் எங்களுக்கும் ஓட்டு வந்தது. இருபது வருடத்துக்குப் பிறகு. போய்ப் போட்டுவிட்டு வந்தோம். அதே வாரம் வானொலியில் அந்த அமெரிக்க மாநிலத்துச் சேதியும் வந்தது. கஞ்சாவை மருந்துக்கு மட்டுமல்லாமல் பொதுவாகவே விட்டுவிடலாமா என்று மறுபடி ஓட்டுக்கு விட்டார்களாம். வேண்டாம் என்று சனம் சொல்லிவிட்டதாம். கேட்டதும் எனக்குச் சின்னம்மாவின் உலக்கைச் சத்தம்தான் ஞாபகம் வந்தது. சனம் என்ன சொன்னால் அவளுக்கு என்ன?

நாளைக்குக் கார்த்திகைக் கடைசி வெள்ளி. சாமி சுருட்டை இப்போது நான்தான் சுற்றுகிறேன். முழங்கை நீளம் சுற்றி முடித்துச் சிவப்பு நூலும் கட்டிவிட்டேன். முடிச்சு கொஞ்சம் கோணல். அந்தப் பொட்டலத்தை என்ன செய்தேன் என்று எழுத எனக்குத் தைரியம் கிடையாது. தம்பி இன்னும் வராததால் சுருட்டில் வைக்கவில்லை என்பதை மட்டும் எழுதலாம்.