வெதுவெதுப்புப் பெட்டியில் திருநீறு

ஆமத்தூர் கருப்பணன் மகள் வேலுத்தாய் விஸ்வநத்தத்தில் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் போனபின் பட்டாசுக் கம்பெனிக்குப் போய்த்தான் ஒரே மகள் பொன்மணியைப் படிக்க வைத்தாள். மகள் பெங்களூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் சேர்ந்ததும் ஆத்தாளுக்குப் பொறாமை பிடித்தது. யார் மேல் என்கிறீர்கள்? கண்ணுக்குத் தெரியாத செல்கள் மேல்.

பொங்கலுக்குக் கூப்பிட்டால், செல்லுக்குத் தீனி மாற்றணும் என்பாள் மகள். ஆத்தாள் காய்ச்சலில் கிடந்தபோதும் அதே பதில். ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடியில் இருவரும் சேர்ந்து மாவிளக்கு வைப்பதாக வேலுத்தாய் நேர்ந்திருந்தாள். அதற்கும் வரமுடியாது என்றதும், மாரியம்மன் திருநீற்றை முந்தியில் முடிந்து பஸ் ஏறிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத நேரமாகப் பார்த்து மகள் உள்ளே கூட்டிப்போனாள். இரும்புப் பெட்டிக்குள் வட்ட வட்டமாகச் சின்னத் தட்டுகள். கருவிலிருந்து எடுத்த செல்லாம். அதை ரத்தம் ஊறவைக்கும் ஸ்டெம் செல்லாக மாற்றிவிட்டால், ரத்தம் ஊறாத பிள்ளைகள் பிழைக்குமாம். இன்னும் யாருக்கும் சரியாகக் கைகூடவில்லையாம். இவள் பாதி தூரம் வந்திருக்கிறாளாம்.

"உடம்புச் சூட்டுலயே இருக்கணும்மா. தூசி பட்டாப் போச்சு."

"பெத்தவ எந்தச் சூட்டுல கெடந்தான்னு கேட்டியாடி?"

பொன்மணி பதில் சொல்லுமுன் போன் வந்து வெளியே போனாள்.

வேலுத்தாய் பெட்டியைத் திறந்தாள். கம்பெனியில் வெள்ளிதோறும் வெடிமருந்துத் தட்டுக்குத் திருநீறு பூசாமல் அவள் கை வைத்ததில்லை. முந்தியை அவிழ்த்து ஒவ்வொரு மூடியிலும் ஒரு கீற்று இழுத்தாள்.

"வெரசா வளந்து தொலைங்க. எம் மகளை எங்கிட்ட விடுங்க," என்று முனகினாள்.

அந்த வாரமே எல்லாத் தட்டிலும் பூஞ்சை படர்ந்தது. அத்தனையையும் கொட்டிவிட்டதாகவும், மறுபடி முதலிலிருந்து தொடங்குமுன் ஊருக்கு வருவதாகவும் மகள் போனில் சொன்னாள். ஆத்தாளுக்கு ஒரு பக்கம் திக்கென்றது. மறுபக்கம், சொல்லக் கூடாது, குளிர்ந்தது.

கடைசி வெள்ளியன்று இருக்கன்குடியில் ஆத்தாள் பக்கத்திலேயே உட்கார்ந்து மாவு பிசைந்தாள் பொன்மணி. கை இங்கே இருந்தது, முகம் இல்லை. செத்த பிறகும் அந்தச் சனியன்கள் மகளைப் பிடித்து வைத்திருக்கின்றனவே என்று வேலுத்தாய்க்கு வயிறு எரிந்தது. விளக்கு எரிந்து முடிந்ததும் திருநீற்றை எடுத்தாள்.

பொன்மணி நெற்றியை நீட்டினாள்.

"இனிமே எனக்கு மட்டும் பூசும்மா."

வேலுத்தாயின் விரல் அந்தரத்திலேயே நின்றது.