பேஸுக்குப் போன சட்டை

என் மாமாவுக்கு அப்போது வாழ்க்கையில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. புதிதாக சிடி பிளேயர் மாட்டியும் அவருடைய ஆம்னி வேனில், பாட்டுக்கு அடியில் திம் திம் என்று அதிரும் பேஸ் பத்தவில்லை.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. திருப்பூரில் அப்பா வைத்திருந்த சின்னத் தையல் கம்பெனிக்குத் துணி ஏற்றி வருவதும், தைத்ததைக் கொண்டுபோய் இறக்குவதும் அவர் வேலை. மிச்ச நேரமெல்லாம் வேனின் பின்பக்கம் பலகையில் அடித்து வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டிக்குத்தான். "பாட்டு காதுல கேக்கப்படாது அம்முணி, வயித்துல கேக்கோணும்" என்பார். எனக்கு எட்டு வயது. என் வயிற்றில் எதுவும் கேட்காது. ஆனாலும் அவர் மனம் நோகக் கூடாதென்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையாட்டுவேன்.

சோதனைக்கு அவரே ஒரு முறை வைத்திருந்தார். எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் ஊற்றி ஸ்டீயரிங்குக்கு மேலே வைப்பார். தண்ணீர் நடுங்கினால் பாஸ். டம்ளரே நகர்ந்தால் ஃபர்ஸ்ட் கிளாஸ். எங்கள் டம்ளர் அசைந்ததே இல்லை.

ஊத்துக்குளி ரோட்டில் ரேடியோ கடை வைத்திருந்தவர், காலிப் பெட்டிக்குள் பஞ்சு மாதிரி எதையாவது அடைத்தால் பேஸ் தானாக வரும் என்று சொல்லிவிட்டார். திருப்பூரில் இதைச் சொன்னால் கேட்க வேண்டுமா? மாமா, துணி வெட்டும்போது மிஞ்சும் கட்டிங் வேஸ்ட் மூட்டையை அவிழ்த்து ஆராய்ச்சியில் இறங்கினார். மெல்லிய பனியன் துணியை அடைத்தார். பேஸ் கொஞ்சம் கனத்தது. கழுத்துப் பட்டிக்கு வைக்கும் ரிப் துணியைத் திணித்தார். பாடுகிறவருக்கு ஜலதோஷம் பிடித்துக்கொண்டது. கடைசியில், உள்பக்கம் பஞ்சு பஞ்சாக இருக்கும் ஃபிளீஸ் துணிதான் இதற்குச் சரி என்று முடிவு கட்டினார். ஆனால் கம்பெனியில் ஃபிளீஸ் வேஸ்ட் ஒரு துண்டுகூட இல்லை. "புது ஆர்டர் ஓகே ஆயி, துணி வெட்டுனாத்தான் வேஸ்ட் விழுகும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் திறந்து போட்டபடியே டீ குடிக்கப் போனார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

என்னிடம் ஃபிளீஸ் இருந்தது. நீல நிறச் சட்டை, தலையை மூடத் தொப்பி, முன்னால் பெரிய பை. அப்பா அதை எனக்காகத் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று தரம் என்னைக் கூப்பிட்டு மாட்டிப் பார்த்தார். கை நீளம் என்று ஒருமுறை பிரித்தார், கழுத்து இறுக்கம் என்று இன்னொருமுறை. ஒவ்வொரு தரமும் "கழட்டு கண்ணு" என்று வாங்கி வைத்துக்கொள்வார். என் பிறந்த நாளுக்குத்தான் என்று நானாகவே கண்டுபிடித்து, யாரிடமும் கேட்காமல் ரகசியத்தைக் காப்பாற்றி வந்தேன். திருப்பூர் வெயிலில் அதை எங்கே போட்டுக்கொண்டு போவது என்ற யோசனையே எனக்கு வரவில்லை. மனசு வலிக்கத்தான் செய்தது. ஆனாலும் மாமாவுக்காக, அயர்ன் மேசையில் இருந்த அந்தச் சட்டையைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து, மேலே வேஸ்ட்டைப் போட்டு மூடினேன்.

மாமா வந்து பெட்டிக்கு ஸ்குரூ முடுக்கிப் பாட்டைப் போட்டார். டம்ளர் மெல்ல மெல்ல நகர்ந்து அவர் மடியிலேயே விழுந்தது. நனைந்த லுங்கியோடு என்னைத் தூக்கிச் சுற்றினார்.

அரை மணி நேரத்தில் கம்பெனிக்குள் கலவரம். சாம்பிள் பீஸைக் காணவில்லை. நாலு மணிக்கு, வெளிநாட்டுக் கம்பெனிகளுக்காக ஆர்டர் கொடுக்கும் பையிங் ஆபீஸிலிருந்து ஆள் வருகிறார். அவர் அதைப் பார்த்துச் சரி என்றால்தான் ஆர்டர். இல்லையென்றால் அந்த மாதம் பன்னிரண்டு மிஷினும் சும்மா கிடக்கும். அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. டெய்லர்கள் மேசை மேசையாகக் கவிழ்த்தார்கள். அம்மா கட்டி வைத்த மூட்டைகளையெல்லாம் பிரித்தாள். நானும் பம்பரமாகச் சுழன்றேன். மிஷின்களுக்கு அடியில் ஊர்ந்து ஊர்ந்து தேடினேன். சாம்பிள் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது என்பது எனக்கே தோன்றவில்லை. "ஊட்டுல ஒருக்கா பாத்துட்டு வாரனுங்க" என்று மாமா வேனைக் கிளப்ப, திம் திம் என்று கம்பெனி ஜன்னல் அதிர்ந்தது.

"மாப்ள, மொதல்ல அந்தக் கருமத்த நிறுத்துங்க!" என்று அப்பா கத்தினார்.

பாட்டு நின்றது. அப்போதுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. "அப்பா, சாம்பிளுன்னா எப்படீங்க இருக்கும்?"

"நீ போட்டுப் பாத்தியே அம்முணி, நீலச் சட்டை, தொப்பி வெச்சது."

"அது என்ர சட்டை தானுங்களே? மாமாவோட பேஸுக்கு வேணும்னு பெட்டிக்குள்ள வெச்சுட்டனுங்க."

அப்பா மாமாவைத் திட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மாமா மட்டும் எட்டு ஸ்குரூவையும் மின்னல் வேகத்தில் கழற்றினார்.

அம்மா சட்டையில் ஒட்டிய பிசிறைத் தட்டி அயர்ன் போட்டு முடிக்கவும், அந்த ஆள் வரவும் சரியாக இருந்தது. அவர் தையலை இழுத்துப் பார்த்தார், டேப் வைத்து அளந்தார். பிறகு என்னைப் பார்த்துவிட்டு, "பாப்பாவுக்குப் போட்டுக் காட்டுங்க" என்றார். நான் போட்டுக்கொண்டு முன்னும் பின்னும் திரும்பித் திரும்பி நின்றேன்.

"கச்சிதமா இருக்கு. துணி வெட்டிருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா "கழட்டு கண்ணு" என்று சொல்லவில்லை. அந்த ஆள்தான் கையை நீட்டி வாங்கி, கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

நான் ஓவென்று அழுதேன். மாமா பக்கத்தில் உட்கார்ந்து, "அழுகாத அம்முணி, பத்தே நாள்ல ஃபிளீஸ் வேஸ்ட் விழுந்துரும். அப்புறம் டம்ளரென்ன, சொம்பே நகரும் பாரு" என்று தேற்றினார். அவர் சொன்னபடி சொம்பு நகரவும் செய்தது.

அதற்குப் பிறகு அளவு பார்க்க அப்பா என்னைக் கூப்பிடவே இல்லை. எட்டு வயதுச் சட்டை என்றால் பக்கத்து வீட்டுப் பையனைத்தான் கூப்பிடுவார். அந்த நேரம் பார்த்து நான் கம்பெனிக்குள் வந்துவிட்டால், சட்டையை அவசரமாகச் சுருட்டி மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். சாம்பிளைத் தூக்கிப் பெட்டிக்குள் அடைத்தவள் என்று அவருக்கு என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.