அக்காவின் குட்டி வீடுகளும் அக்காவின் கண்ணும்

அக்காவின் முதல் ஆண்டுத் திதிக்கு வந்திருக்கும் சொந்தங்களுக்கும், அக்கம்பக்கத்தவர்களுக்கும், வர முடியாமல் தபாலில் இதைப் பெறுகிறவர்களுக்கும் அக்காவின் தம்பி எழுதுவது. நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். டயர் கடையில் வேலை. எழுதிப் பழக்கமில்லை. பதினாறாம் நாள் கருமாதிக்கே நினைவு மலர் அச்சடிப்போம் என்று என் மகள் சொன்னாள். வேண்டாம் என்றேன். அக்காவைப் பற்றி எழுதினால் ஒரு விஷயத்தை எழுதியே ஆக வேண்டும். அப்போது எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

அக்கா பிறந்தது கண்டி மாவட்டத்தில் பன்வில பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். அப்பா நான் கைப்பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மா கொழுந்து பறிக்கப் போக வேண்டும். என்னைப் பார்க்க ஆள் இல்லை. அக்காவுக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தை விட்டார். என்னை இடுப்பில் வைத்துக்கொண்டே தண்ணீர் எடுத்தார், சோறாக்கினார். எனக்கு நடை பழக்கியது அக்காதான் என்று அம்மா சொல்வார்.

வயது வந்ததும் கார்மெண்டில் வேலைக்குச் சேர்ந்தார். சட்டைக் கொலர் தைக்கும் வேலை. கட்டுகஸ்தோட்டையில் ஒரு வீடு பார்த்து அம்மாவையும் என்னையும் கூட்டிவந்தார். மேட்டில் இருக்கும் வீடு. ரோட்டுக்கு இறங்க நாற்பத்தொரு படி. அம்மாவைக் கடைசிவரை பார்த்தது அக்கா. எனக்குக் கலியாணம் செய்துவைத்தது அக்கா. அவருக்கு வந்த இடங்களை ஏன் வேண்டாம் என்றார் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்தான்.

அக்காவின் கைவேலையை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கார்மெண்டில் வெட்டி வீசும் துணி, உடைந்த பொத்தான், அறுந்த நூல், இவற்றை வீட்டுக்குக் கொண்டுவருவார். முதலில் செய்தது, கால் சப்பாத்து வந்த ஒரு அட்டைப் பெட்டிக்குள், தோட்டத்தில் நாங்கள் இருந்த வரிசை வீடு, எங்கள் பழைய லயம். எட்டுக் கதவு. ஒரு வாசலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கும் மனுஷன். ஒரு வாசலில் விரல் நீளத்தில் விளக்குமாறு. தண்ணீர் ஓடும் கானுக்குள் தலைகீழாகக் கணக்கப்பிள்ளையின் குடை. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் பார்த்துவிட்டு யார் யாரென்று பெயர் சொல்லிச் சிரித்தார்கள்.

அடுத்து ஒரு சவர்க்காரப் பெட்டியில் கண்டி பஸ் செய்தார். ஆட்கள் வெளியில் தொங்குவார்கள். டிரைவர் சீட்டில் ஒரு ஆடு இருக்கும். ஏன் ஆடு என்று கேட்டால், மனுஷன் ஓட்டியதைப் பார்த்தாயிற்று, இது எப்படி ஓட்டுகிறது என்று பார்ப்போம் என்பார். பூனைக்கும் பூனைக்கும் கலியாணம் செய்தார். அதில் தவில் அடிப்பது எலி. இவற்றை எதற்குச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. செய்யும்போது அக்கா தனியாகச் சிரிப்பார். வேறு எப்போதும் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

வேலை செய்யும் முறை ஒன்று வைத்திருந்தார். ஜன்னலோரம் கதிரை. மடியில் ஒரு தகரத் தட்டம். அதில் கத்தரிக்கோல், அடுத்து சின்ன இடுக்கி, அடுத்து பசை, அடுத்து நூல். இந்த வரிசை மாறக் கூடாது. ஒருநாள் என் மனைவி கத்தரிக்கோலை எடுத்துவிட்டு ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டாள். அக்கா தட்டம் முழுக்கக் கையால் தடவித் தேடினார். கத்தரிக்கோல் அவர் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. நாங்கள் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

வருஷம் போகப்போக அக்கா செய்வது சிறிதாகிக்கொண்டே வந்தது. சப்பாத்துப் பெட்டி போய் டின்பால் டின் வந்தது. டின் போய் நெருப்புப் பெட்டி. பிறகு சாதிக்காய் ஓடு. அந்த ஓட்டுக்குள் ஒரு அடுப்படி செய்து, அடுப்பில் சட்டி வைத்து, சட்டியில் மூன்று பருப்பு மாதிரி எதையோ ஒட்டியிருந்தார். நான் அதைக் கடைக்கு எடுத்துப்போய்க் காட்டினேன். எங்கள் முதலாளி மடவளை முஸ்லிம் ஆள், அக்காவை ராத்தா என்பார். பகிடிக்காரர். கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒங்கட ராத்தா அடுத்த வருஷம் செய்றத எங்களால பாக்க ஏலா. எறும்பக் கூட்டிட்டு வந்துதான் காட்டணும்" என்றார்.

எனக்குப் பெருமை. வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னேன். என் அக்காவுக்கு அறுபதை நெருங்குகிறது, கண்ணைப் பாருங்கள் என்று.

இனி நான் எழுத வேண்டியது.

அக்கா ஒருநாள் என்னிடம் சொன்னார். "தம்பி, எனக்கு ஓரமெல்லாம் தெரியமாட்டேங்குது. ஒருக்கா கண்ணக் காட்டிட்டு வருவமா?"

அவர் கையில் ஒரு காக்காய் இருந்தது. என் சுண்டுவிரல் நகத்தளவு. நூலால் கால் வைத்து, காலுக்கு நகமும் வைத்திருந்தார். அதை வாங்கி அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"காக்காய்க்கு நகம் வெச்சிருக்க. ஒனக்கா கண்ணு தெரியல?"

"அதானே" என்றார் அக்கா.

இரண்டாவது முறை கேட்டபோது சுவரில் இருந்த தினசரிக் கலண்டரைக் கழற்றி அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். ராகுகாலம் வாசி என்றேன். வாசித்தார். எமகண்டம் வாசி என்றேன். அதையும் வாசித்தார். அதைவிடச் சின்ன எழுத்து அந்த வீட்டில் இல்லை. என் மனைவி, எதற்கும் ஒருதரம் கூட்டிப்போங்களேன் என்றாள். டயர் கடைக்காரன் நான் கண் டொக்டராகி, ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மூன்றாவது முறை அக்கா கேட்கவில்லை.

அதன்பிறகு கதவு நிலையில் இடித்துக்கொண்டார். தோளில் கன்றிப்போயிருக்கும். பக்கத்தில் வைத்த தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டிவிடுவார். யாராவது கூப்பிட்டால் கோழி மாதிரி முழுத் தலையையும் திருப்பிப் பார்ப்பார். பிள்ளைகள் அதுமாதிரி செய்து காட்டுவார்கள். கவனமில்லை, வயதாகிறது என்று நான் நினைத்தேன்.

வத்தேகமையில் அத்தையின் மகள் கலியாணம் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். அத்தை எங்கள் அப்பாவின் தங்கை. அக்காவும் நானும் போனோம். மண்டப வாசலில் அத்தை சந்தனத் தட்டோடு இடப்பக்கம் நின்றார். அக்கா தட்டில் கை வைக்கவில்லை, அத்தையின் முகத்தையும் பார்க்கவில்லை. நேராக உள்ளே நடந்துவிட்டார். தட்டு நீட்டியபடி நின்றது. நான் அக்காவுக்குப் பின்னால் நின்றேன். நான் சந்தனம் எடுத்தேன். அக்காவைக் கூப்பிடவில்லை.

பந்தியில் அத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். "பொம்ம செய்றவளுக்கு இப்ப மனுசங்க கண்ணுக்குத் தெரியாது போல."

பலர் சிரித்தார்கள். அக்கா அந்தக் கலியாணத்துக்கென்று ஒரு மாதம் இருந்து செய்துகொண்டுபோன குட்டி மணவறை அடுத்த வாரம் ஆள் மூலம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டோடு போக்குவரத்து நின்றது. அக்காவுக்குத் தலைக்கனம் என்ற பேச்சு பன்வில வரைக்கும் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் அக்காவை ஏசினேன். மானத்தை வாங்கிவிட்டாய் என்றேன்.

அக்கா முழுத் தலையையும் என் பக்கம் திருப்பினார். பிறகு, "அத்தை எந்தப் பக்கம் நின்னாங்க?" என்று கேட்டார்.

"நடிக்காத அக்கா" என்றேன்.

அதற்குப்பின் அவர் கலியாணம், சடங்கு என்று எங்கும் வரவில்லை. கூப்பிட்டவர்களுக்குக் கால்வலி என்று சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன்.

போன வருஷம் ஒரு காலையில் கோயிலுக்கு என்று இறங்கினார். எங்கள் படி பாதியில் வலப்பக்கம் திரும்பும். அக்கா திரும்பவில்லை. நேரே கால் வைத்தார். அங்கே படி இல்லை. இடுப்பெலும்பு முறிந்தது. கீழ் வீட்டு சிங்கள அண்ணன்தான் தன் த்ரீவீலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆஸ்பத்திரி வாட்டில் ஒரு நர்ஸ் மிஸ்ஸி கண்டுபிடித்தார். பக்கவாட்டில் இருந்து மருந்து நீட்டினால் இந்த அம்மா வாங்குவதில்லை, முன்னால் வந்து நீட்டினால் வாங்குகிறார் என்று டொக்டரிடம் சொன்னார். கண் டொக்டர் வந்தார். சின்ன வயசுப் பெண். சோதித்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார். கண்ணுக்குள் அழுத்தம் கூடி, பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிற வியாதி என்றார். வலி இருக்காது. பல வருஷமாக இருந்திருக்கிறது. போன பார்வை திரும்பாது. நேரத்துக்குக் காட்டியிருந்தால் மிச்சத்தைச் சொட்டுமருந்து விட்டே காப்பாற்றியிருக்கலாம் என்றார்.

நான் நம்பவில்லை. அக்கா செய்யும் வேலையைச் சொன்னேன். காக்காய்க்கு நகம் வைத்ததைச் சொன்னேன்.

டொக்டர் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து விரல் தடிப்பில் குழாயாகச் சுருட்டினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வாசலில் நின்றே இதற்குள்ளால் உங்கள் அக்காவைப் பாருங்கள் என்றார். பார்த்தேன். அக்காவின் முகம் தெளிவாகத் தெரிந்தது. மூக்குத்தி தெரிந்தது. கட்டில் தெரியவில்லை. பக்கத்தில் நின்ற என் மனைவி தெரியவில்லை.

குழாய்க்குள் சப்பாத்துப் பெட்டி அடங்காது. சாதிக்காய் ஓடு அடங்கும். அக்கா ஏன் வரவரச் சிறிதாகச் செய்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அதைத்தான் நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

அக்காவிடம் நானே சொன்னேன். டொக்டர் சொன்னதைச் சொன்னேன். என்மேல் பிழை என்றும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அத்தைகிட்ட சொல்லிரு தம்பி. நான் பாக்கல, அவ்வளவுதான். வேணும்னு செய்யல. அத மட்டும் சொல்லிரு" என்றார்.

சொல்கிறேன் என்றேன். பத்தொன்பது நாள் இருந்தார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இருபதாம் நாள் காலையில் போய்விட்டார்.

அத்தை சாவு வீட்டுக்கு வந்தார். எப்படி விழுந்தது என்று என்னைக் கேட்டார். படி பாசி பிடித்திருந்தது, வழுக்கிவிட்டது என்றேன்.

"அவ என்னைக்குத்தான் கீழ பாத்து நடந்தா" என்றார் அத்தை.

அக்கா நடு வீட்டில் கிடக்கிறார். நான் வாய் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் என் கதையும் வெளியே வரும். அதற்குப் பயந்தேன். அக்கா என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு விஷயம். கண்ணைக் காட்டக் கூட்டிப்போகச் சொன்னார். அத்தையிடம் சொல்லச் சொன்னார். இரண்டையும் நான் செய்யவில்லை.

ஆகவே இதைப் படிக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன். என் அக்கா தலைக்கனம் பிடித்தவர் அல்ல. ரோட்டில் உங்களைக் கண்டும் காணாமல் போனார் என்றால், நீங்கள் அவருக்குத் தெரியவில்லை. கூப்பிட்ட வீடுகளுக்கு வராமல் இருந்தது, இன்னொரு தட்டை அப்படி விட்டுவிடுவோம் என்ற பயத்தில். படியில் பாசி இருக்கவில்லை. அவர் விழுந்த அன்று வெயில் காய்ந்தது.

இந்த வியாதி குடும்பத்தில் தொடரும் என்று டொக்டர் சொன்னார். கூடப் பிறந்தவர்களும் அவர்களின் பிள்ளைகளும் கண்ணைக் காட்ட வேண்டும். நான் போனேன். எனக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். சந்தோஷப்பட முடியவில்லை. நீங்களும் போங்கள். எழுத்து வாசிக்க முடிகிறது என்று சும்மா இருக்காதீர்கள். வீட்டில் யாராவது கண் சரியில்லை என்று சொன்னால் நீங்களே சோதித்துப் பார்க்காதீர்கள்.

அக்காவைத் தூக்கிக்கொண்டு ஓடிய கீழ் வீட்டு அண்ணனுக்கும், வாட்டில் கவனித்த மிஸ்ஸிக்கும், விளக்கிச் சொன்ன டொக்டருக்கும், சாவுக்கும் கருமாதிக்கும் கூட நின்ற முதலாளிக்கும், மழைக்குள் பன்விலவிலிருந்து வந்தவர்களுக்கும், அக்காவைக் கடைசி நாட்களில் குளிப்பாட்டி உடுத்திய என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அக்கா செய்த சாமான்களில் இருபத்தாறு வீட்டில் இருக்கின்றன. வேண்டியவர்கள் வந்து ஆளுக்கொன்று எடுத்துப்போகலாம்.

இன்னும் ஒன்று. அத்தைக்கு வாசிக்கத் தெரியாது. இதை அச்சடித்து அவர் கையில் கொடுத்தால் அக்கா கேட்டதைச் செய்ததாகாது. அதனால் அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு வத்தேகமைக்குப் போனேன். வாசல் கதிரையில் இருந்தார். மேலே உள்ளதை முழுதாக வாசித்தேன். எனக்கு வாசிப்பு வேகமில்லை. நிறைய நேரம் எடுத்தது. அத்தை கடைசிவரை கேட்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கேட்டார். "அன்னைக்கு வாசல்ல நீ எங்க நின்ன?"

"அக்காவுக்குப் பின்னால."

"தட்டு நீட்டினது ஒனக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"ஒனக்குக் கண்ணு நல்லாத்தானே இருந்துச்சு. அவ கையப் புடிச்சு தட்டுல வெச்சிருந்தா முடிஞ்சிருக்கும்" என்றார்.

நான் தாள்களை மடித்தேன். எழும்பி வர வெளிக்கிட்டேன். அத்தை என்னை மறுபடி கூப்பிட்டார்.

"நான் சொன்னதையும் அதுல எழுது. பந்தியில நான் பேசினதையும் வெட்டிராத. அப்படியே இருக்கட்டும்."

எழுதிவிட்டேன். எதையும் வெட்டவில்லை.

இப்படிக்கு,
அக்காவின் தம்பி
கட்டுகஸ்தோட்டை