பெயர் தெரியாத குளம்

போன செவ்வாய்க்கிழமை, அஞ்சுகிராமம் போகிற வழியில் பஸ் பஞ்சர்.

நல்லவேளை என்று சொன்னால் நம்புவீர்களா?

பழைய வாசகர்களுக்குத் தெரியும், வாரத்தில் பாதி நாள் நான் அந்த பஸ்ஸில்தான் இருக்கிறேன். என் கணவர் அஞ்சுகிராமம் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். பக்கவாதம். ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் பாதி போய்விட்டது. நல்ல உயரமான மனிதர். ஒரு நாள் அவரைக் கட்டிலிலிருந்து தூக்கப்போய் இரண்டு பேருமாகத் தரையில் விழுந்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எடுக்கும்வரை அப்படியே கிடந்தோம். அதற்குப் பிறகுதான் இந்த ஏற்பாடு.

இல்லம் நல்ல இல்லம். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கோட்டாறு வீட்டில் சாப்பிட உட்காரும்போது ஒரே ஒரு தட்டு எடுக்கிறேன் பாருங்கள்... சரி, அதை விடுங்கள்.

கணவரை இல்லத்தில் விட்டுவிட்டு வந்த மனைவி எப்படி இருக்க வேண்டும்? சிரிக்கலாமா? நல்ல புடவை கட்டலாமா? இதையெல்லாம் யாரிடம் கேட்பது? கேட்காமலே சொல்ல ஆள் இருந்தது. சர்ச் முடிந்து வெளியே வரும்போது என் தலையில் கொஞ்சம் பிச்சிப்பூ. நாத்தனார் பார்த்துவிட்டாள்.

"அண்ணன் அங்க கெடக்காரு. மைனிக்குப் பூ கேக்குதோ?"

அன்றோடு பூ நின்றது. டீயில் சீனியைக்கூடக் குறைத்தேன். டீக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? தெரியவில்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். எல்லோரும் இறங்கி ரோட்டோரம் நின்றோம். பக்கத்தில் ஒரு குளம். எத்தனையோ தடவை ஜன்னல் வழியே கடந்துபோன குளம்தான். அன்றைக்குத்தான் பார்த்தேன். கரை முட்டத் தாமரை. நடுவில் கொஞ்சம் வெறும் தண்ணீர், அதில் தூரத்து மலை தலைகீழாக மிதந்தது. நீளக்கால் பறவை ஒன்று இலையிலிருந்து இலைக்கு நடந்தது. இலை அமுங்கியது, முங்கவில்லை.

படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சும்ம நிக்கியளே அக்கா. காலை நனையுங்க, வெள்ளம் நல்ல தணுப்பாக்கும்."

செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன். தண்ணீரின் குளிர்ச்சி முழங்கால்வரை ஏறியது. குஞ்சு மீன்கள் வந்து விரலைக் கடித்தன. கூச்சத்தில் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள்.

அடுத்த பஸ் வந்தது. கண்டக்டர் கூப்பிட்டார்: "அம்மா, வாறியளா?"

"அடுத்ததுல வாறேன்." நானா சொன்னேன்? நான்தான் சொன்னேன்.

அதற்கு அடுத்ததையும் விட்டேன். வெயில் இலைமேல் ஊர்ந்தது. மேகம் வந்தது, மலையை அழித்தது, திரும்ப வரைந்தது. துணி துவைக்கிற சத்தம் எங்கோ தூரத்திலிருந்து கேட்டது. எனக்கு வயது இல்லை, வீடு இல்லை. கணவரும் இல்லை.

திடுக்கிட்டு எழுந்தேன். அவரை மறந்துவிட்டேன்! மறந்து... சந்தோஷமாக இருந்திருக்கிறேன்!

இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது. வாசலிலேயே ஆயா பிடித்துக்கொண்டாள். "எங்கக்கா போனிய? ஐயா சோறு வேண்டாம்னு கேட்டையே பாத்துட்டு இருக்காவ."

குற்றவாளி போல உள்ளே போனேன். எங்கள் உரையாடல் பல மாதமாக ஒன்றுதான். சாப்பிட்டீங்களா? "ம்." தூங்குனீங்களா? "ம்." மாத்திரை? "ம்." பிறகு இரண்டு பேரும் மின்விசிறியைப் பார்ப்போம்.

அன்று அவர் என் புடவை ஓரத்தைப் பார்த்தார். நல்லாயிருக்கிற கையால் தொட்டார். ஈரம்.

"மழையா?"

"இல்ல, கொளம். வழியில எறங்கி உக்காந்துட்டேன்."

"எந்தக் கொளம்?"

இவர் சர்வேயராக இருந்தவர். இந்தத் தாலுகாவில் இவர் சங்கிலி போட்டு அளக்காத கரை கிடையாது. நான் விழித்தேன். "பேரு தெரியாது."

"பேரு... தெரியாமலா... எறங்குனே?"

வார்த்தைகள் குழறின. எரிச்சல் மட்டும் குழறவில்லை. கல்யாணமான நாள் முதல் நான் கேட்டு வளர்ந்த அதே எரிச்சல்! எத்தனை மாதத்துக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம்! எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டே சொன்னேன். தாமரை, பறவை, கடிக்கிற மீன். ஒவ்வொரு வாய்க்கும் அவர் கேட்டார்: "பொறவு?" பஸ்களை விட்டதைச் சொன்னேன். கடைசியில் சொல்லியே விட்டேன்.

"கொஞ்ச நேரம் ஒங்களையும் மறந்துட்டேன்."

மென்றுகொண்டே என்னைப் பார்த்தார். விழுங்கினார்.

"பொறவு?"

அவ்வளவுதான். மன்னிப்பும் இல்லை, கோபமும் இல்லை. அவருக்கு மீதிக் கதை வேண்டும். சுவருக்குள் இருக்கிற மனிதர். மாத்திரை போட்டாரா என்பது அவருக்கே தெரியும். வெளியே என்ன நடக்கிறது என்பதுதான் தெரியாது. நான் வீட்டில் அழுது வடிந்துவிட்டுப் போனால், கையில் என்ன கொண்டுபோவேன்?

வியாழக்கிழமை கோட்டாறு கடையில் தராசுத் தட்டில் ஒரு பூனை தூங்கியதைச் சொன்னேன். "எத்தனை கிலோ?" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இன்னமும் அழுகை வரத்தான் செய்கிறது. அது பாட்டுக்கு வரும், போகும். நாத்தனார் பார்வையும் மாறவில்லை. மாறாது.

நாளை காலை மறுபடி போக வேண்டும். அவரிடம் சொல்ல இன்று இதுவரை ஒன்றுமே நடக்கவில்லை. வெளியே வெயில் சாய்ந்து நல்ல காற்று... எழுதியது போதும், நான் நடக்கப் போகிறேன்.