தொழுவத்துச் செங்கல்

அஜ்மானில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் கட்டடங்களின் சிறு மாதிரிகள் செய்கிறோம். பெரும்பாலும் துபாயில் இனிமேல் எழும்பப்போகும் அடுக்குமாடிகள். நீச்சல்குளம், ஈச்சமரம், கார் எல்லாம் வைத்துக் கொடுத்தால் வீடு விற்பவர்களுக்குத் திருப்தி. இடித்துத் தள்ளப்பட்ட ஒரு கட்டடத்துக்கு மாதிரி கேட்டு வந்தவர் இதுவரை ஒருவர்தான்.

அவர் ஜெபல் அலி துறைமுகத்தில் கிரேன் பராமரிப்பைப் பார்க்கும் எஞ்சினியர். போலந்துக்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். அவருடைய சிற்றூரில் யூதர்களின் தொழுகைக்கூடம் ஒன்று இருந்ததாம். அதன் மாதிரியை ஊர் நூலகத்தில் வைக்க விரும்பினார். வெளிப்புறம் ஒன்று, உள்ளே ஒன்று என இரண்டு பழைய புகைப்படங்கள் கொண்டுவந்திருந்தார். வரைபடம் எதுவும் இல்லை.

நான் கோயம்புத்தூரில் கட்டடக்கலை படித்தவள். ஆனால் இப்படி ஒரு கட்டடத்தைப் பார்த்ததில்லை. சதுரமான கூடம். வேதச் சுருளை வாசிக்கும் மேடை நட்டநடுவில். அதன் நான்கு மூலைகளிலும் எழும்பிய கனத்த தூண்கள்தான் கூரை வளைவுகளைத் தாங்கின. சுருள்களை வைக்கும் மாடம் கிழக்குச் சுவரில். பெண்களுக்குத் தனி மாடி. தரையைத் தெருமட்டத்துக்குக் கீழே இறக்கியிருந்தார்கள்.

"மாதா கோயிலைவிட உயரமாகக் கட்டக்கூடாது என்று கட்டுப்பாடு. மேலே போக முடியாததால் கீழே தோண்டினார்கள்" என்றார் ஆங்கிலத்தில்.

போரில் ஜெர்மானியர்கள் அதன் உட்புறத்தை எரித்தார்கள். ஊரில் பாதிப் பேர் யூதர்கள். அவர்களைக் கொண்டுபோய்க் கொன்றார்கள். சுவர்கள் மட்டும் நின்றன. பிறகு கூரை போட்டுத் தானியக் கிடங்காக வைத்திருந்து, கடைசியில் ஊர் நிர்வாகமே இடித்தது. அவர் அப்போது பிறக்கவில்லை.

சுவரின் உயரம் தெரியாமல் வேலை நின்றது. வெளிப்புறப் படத்தில் காரை உதிர்ந்த இடத்தில் செங்கல் வரிசைகள் தெரிந்தன. ஒரு செங்கல்லின் தடிமன் தெரிந்தால் கணக்குப் போட்டுவிடலாம் என்றேன்.

"கிடைக்கும். எங்கள் வீட்டு மாட்டுத் தொழுவம் அந்தச் செங்கல்லில் கட்டியதுதான். அப்பா வண்டியில் ஏற்றி வந்தார். ஊரில் எல்லோரும் எடுத்தார்கள்" என்றார்.

"அளந்து அனுப்பச் சொல்லுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஊரிலிருந்த அவர் அண்ணன், எதற்கு என்று கேட்காமலே அளந்து அனுப்பினார்.

எங்கள் லேசர் மெஷினில் வேலை செய்யும் சிவகங்கைக்காரத் தம்பியிடம் அட்டையை வெட்டக் கொடுக்கும்போது இதைச் சொன்னேன்.

"ஏக்கா, சாமி கும்புட்ட எடத்தை இடிச்சா மாட்டுக் கொட்டகை கட்டுனாங்க?"

"இடிச்சது அவங்க இல்ல. எடுத்துட்டுப் போனது அவங்க."

"யாரும் வந்து கேக்கலையா?"

"கேக்கறதுக்கு யாரும் மிச்சமில்ல."

அவன் மெஷினை ஓடவிட்டான். வேலை முடிந்து முவைலாவில் இருக்கும் என் வீட்டுக்கு வண்டி ஓட்டிப் போகும்போதும் எனக்கு அதே நினைப்புதான்.

தெற்குச் சுவரில் மட்டும் காரை பூசாமல் செங்கல் தெரியட்டும் என்று நான் சொன்னதை அவர் ஒப்புக்கொண்டார். மேலே கூரையைக் கழற்றி உள்ளே பார்க்கும்படி செய்தோம். கூடவே வைக்கும் விளக்க அட்டையை அவரே எழுதினார். அளவுகள் எங்கிருந்து வந்தன என்பதற்குத் தன் குடும்பத் தொழுவத்தைக் குறிப்பிட்டிருந்தார்.

"உங்கள் அண்ணனுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"படித்ததும் தெரிந்துவிடும்."

மாதிரி நூலகத்துக்குப் போனதும் தெரிந்துவிட்டது. அண்ணன் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டார். இப்போது எஞ்சினியர் லீவில் ஊருக்குப் போனால் விடுதியில்தான் தங்குகிறார். ஆனாலும் விளக்க அட்டையை அவர் மாற்றவில்லை.

சென்ற மாதம் போன் செய்தார். சின்ன வயதில் அந்தக் கிடங்கில் மூட்டை இறக்கிய முதியவர் ஒருவர் நூலகத்துக்கு வந்து மாதிரியைப் பார்த்திருக்கிறார். பெண்கள் மாடிக்குப் போகும் படிக்கட்டு வெளியே, வடக்குப் பக்கம் இருந்தது என்று சொல்லியிருக்கிறார். நான் உள்ளே வைத்திருந்தேன்.

தம்பியிடம் சொன்னேன். அவன் மிச்சமிருந்த அட்டையைத் தேடி எடுத்து வெட்டிக் கொடுத்தான். புதுப் படிக்கட்டை ஒட்டி, பஞ்சு வைத்து, போலந்துக்கு அனுப்பிவைத்தேன்.