கழுவி மூடின டிரம்

எனக்குக் கோர்வையா எழுத வராது. அஞ்சாம் வகுப்போட தீப்பெட்டி ஒட்டப் போனவ நான். பிழை இருக்கும், எது முன்னாடி எது பின்னாடிங்கிறதும் மறந்துபோகுது. பொறுத்துக்கிட்டு வாசிங்க. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் திறக்காது. அதனால்தான் யார்கிட்டயும் சொல்லாமல் இதை நோட்டில் எழுதுறேன்.

மகளுக்குத் தலை தீபாவளி. மாப்பிள்ளைக்கு விருதுநகர், பருப்பு மில்லில் வேலை. அவுகளும் அவுக அம்மாவும் மகளோட சேர்ந்து எங்க வீட்டுக்கு வந்திருந்தாக. என் வீட்டுக்காரர் காலமாகி ரொம்ப வருஷம் ஆச்சு. விருந்தாளியைக் கவனிக்கிற பொறுப்பு எல்லாம் மகன் தலையில்தான். மகன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குற பக்கம் வேலை பார்க்கிறான். நானும் கண்ணு மங்குற வரைக்கும் அதே வேலைதான் பார்த்தேன்.

எங்க பக்கம் தீபாவளி முடிஞ்சதும் கம்பெனி எல்லாம் பூட்டிக் கிடக்கும். ஆம்பளைகளுக்குக் கையைக் காலை எங்க வைக்கிறதுன்னு தெரியாது. மகனுக்கு ஒரு யோசனை வந்துச்சு. மழை பெஞ்சு ஆனைக்குட்டம் அணையில் தண்ணி நிறைஞ்சு கிடந்தது. நாலு டிரம்மைக் கட்டித் தெப்பம் செஞ்சு, மாப்பிள்ளையை உக்கார வச்சு, தூண்டில் போட்டு மீன் பிடிக்கணும்னு சொன்னான். அங்கன வலை போட்டாத்தான் குத்தகைக்காரர் சண்டைக்கு வருவார், தூண்டிலை ஒண்ணும் சொல்ல மாட்டார்.

டிரம் மூணு அங்க இங்க இரவல் வாங்கினான். நாலாவது கம்பெனி டிரம். அறை அறையா கூட்டி அள்ளுற மருந்துத் தூசியைப் போட்டு வைக்கிற நீல டிரம் அது. முதல் நாள் சாயங்காலம் அதை முற்றத்தில் போட்டு, தண்ணி ஊத்தி, விளக்குமாத்தால் தேய்ச்சுக் கழுவினான். நான் அடுப்படியில் இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

எங்க வேலையில் ஒரு முறை உண்டு. மருந்து பட்ட எதையும் கழுவினால் மூடக் கூடாது. வாயைத் திறந்து கவுத்திப் போட்டு மூணு நாள் வெயிலில் காய விடணும். கழுவுற தண்ணியில் எல்லாம் போயிராது. அடியில், மடிப்பில், கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்கும். ஈரத்தோட அதை அடைச்சு வச்சால் உள்ளேயே புழுங்கும், சூடேறும். மாட்டுக் கொட்டடி மூத்திர நாத்தம் மாதிரி ஒண்ணு கிளம்பும். அந்த நாத்தம் வந்தால் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கக் கூடாது, ஓடணும். வேலைக்குப் போன முதல் வாரமே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இது.

அவன் கழுவின கையோட மூடியைப் போட்டு, சைக்கிள் டியூபை அறுத்துச் சுத்திக் கட்டி, சுத்தியலால் தட்டி இறுக்கினான். தண்ணி உள்ள போகக் கூடாதுன்னு. டொக்கு டொக்குன்னு அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. வெளியே போய், "ஏய்யா, காயட்டும்யா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முற்றத்தில் நாற்காலி போட்டு மாப்பிள்ளை உக்காந்திருந்தாக. மாப்பிள்ளை இருக்கிற இடத்துக்கு மாமியார் போய் நின்னு பேசுறது எங்க வழக்கத்தில் கிடையாது. சொல்ல வேண்டியதை மகள்கிட்ட சொல்லுவோம், அவள் போய்ச் சொல்லுவா. மகள் அப்போ குளிச்சுக்கிட்டு இருந்தா. அப்புறமா சொல்லிக்கலாம்னு மாவு பிசைஞ்சேன். மறந்துட்டேன்.

மறுநாள் காலையில் ஆட்டோவில் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டுப் போனோம். டிரம்முகளைப் படுக்கப் போட்டு, மேலே பலகை அடிச்சு, நைலான் கயித்தால் வரிஞ்சு கட்டினான் மகன். கம்பெனி டிரம் பின்பக்கத்து மூலைக்கு வந்தது. மானம் மூட்டம் போட்டிருந்தது, வெயிலே இல்லை. கரையோரம் முழுசும் சீமைக்கருவேல மரங்கள் தண்ணிக்குள்ள முங்கி, நுனி மட்டும் கறுப்பா வெளியே நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

நான் கரையில் இருக்கேன்னு சொன்னேன். சம்மந்தியம்மா விடலை. "மதினி, எங்களை மட்டும் தண்ணிக்குள்ள தள்ளிட்டு நீங்க கரையில நின்னு வேடிக்கை பாக்கப் போறீகளா? ஏறுங்க" என்று கையைப் பிடிச்சு இழுத்தாக. அவுக வாய் பெரிய வாய், மனசு கெட்டது இல்லை.

ஏறினோம். நான் முன்பக்கத்தில் மாப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி உக்காந்தேன். சம்மந்தியம்மாவுக்குச் சிரிப்பு. "எம்புட்டு அகலம்டா இந்தத் தெப்பம், இதுலயும் ஒளிஞ்சிக்கிட்டாக என் மதினி."

மகன் நடுவில் நின்னு மூங்கில் கம்பை ஊன்றித் தள்ளினான். கரை தள்ளிப் போச்சு. எங்க அஞ்சு பேரில் அவன் ஒருத்தனுக்குத்தான் நீச்சல் தெரியும். தூண்டிலில் மைதா உருண்டை குத்திப் போட்டதும் ஜிலேபிக் கெண்டை ரெண்டு சிக்கிருச்சு. மகள் கைகொட்டிச் சிரிச்சா. கல்யாணம் ஆகிப் போன பிறகு அவள் அப்படிச் சிரிச்சு நான் அன்னைக்குத்தான் கேட்டேன்.

மாப்பிள்ளைக்கு பீடிப் பழக்கம் உண்டு. எனக்கு முன்னாடி குடிக்க மாட்டாக, மரியாதை தெரிஞ்ச பிள்ளை. தெப்பத்தில் மறைவு எங்க இருக்கு? எங்களை விட்டுத் தள்ளிப் பின்பக்கத்து மூலைக்குப் போய், திரும்பி உக்காந்து பத்த வச்சாக. மகளும் தூண்டிலைத் தூக்கிக்கிட்டு அவுக பக்கத்தில் போய் உக்காந்தா. அந்த மூலையில்தான் கம்பெனி டிரம்.

காத்து திரும்புச்சு. பீடி வாடையோட இன்னொண்ணும் வந்துச்சு.

அழுகின பாசி என்றுதான் முதலில் நினைச்சேன். ரெண்டாவது தடவை வந்தப்போ அது அந்த மாட்டுக் கொட்டடி நாத்தம்னு தெரிஞ்சு போச்சு. மூக்கு மறக்காது. கண்ணு மங்கிருச்சு, ஞாபகம் போச்சு, மூக்கு அப்படியே இருக்கு.

மகன் வேட்டியைப் பிடிச்சு இழுத்தேன். "ஏலே, அந்த டிரம்மைக் கழுவிக் காயப் போட்டியா?"

"கழுவுனேம்மா."

"காயப் போட்டியான்னு கேக்கேன்."

"எங்கம்மா நேரம்? அதான் நல்லாக் கழுவிட்டேன்ல. தண்ணி நாத்தம் அது. சும்மா இரு, மாப்ளை காதுல விழப்போகுது."

"என்ன மதினி, மகனும் அம்மாவும் ரகசியம்?" என்றாக சம்மந்தியம்மா. "மீன் குழம்புக்குப் புளி எடுத்து வரலையா?"

திரும்பிப் பார்த்தேன். மகள் பலகையில் உக்காந்து காலைத் தொங்கப் போட்டிருந்தா. அவள் குதிகால் டிரம் மூடியில் பட்டுப் பட்டு ஆடுது. நேத்து தட்டையா இருந்த மூடி இப்போ பணியாரம் மாதிரி உப்பி நிக்குது. அதுக்கு ஒரு முழம் மேலே மாப்பிள்ளை கையில் பீடி கனலுது. புழுங்குற மருந்து காத்து விடும், அந்தக் காத்து தீயைப் பார்த்தால் பத்தும். அப்படிப் பத்தினதில் கருகின ஒருத்தியை நான் பார்த்திருக்கேன். அதைப் பத்தி எழுத மாட்டேன்.

எந்திரிச்சு நிக்கப் பயமா இருந்துச்சு. முட்டி போட்டுத் தவழ்ந்து பின்னாடி போனேன். சம்மந்தியம்மா என்னமோ சொல்லிச் சிரிச்சாக. மாப்பிள்ளை என்னைப் பார்த்ததும் பதறி பீடியை உள்ளங்கைக்குள்ள மறைச்சாக. பலகை இடுக்கில் கையை விட்டு, புறங்கையை டிரம் மேலே வச்சுப் பார்த்தேன். மூட்டம் போட்ட நாளில், பாதி தண்ணிக்குள்ள கிடக்கிற டிரம், காய்ச்சல் கண்ட பிள்ளை நெத்தி மாதிரி கொதிச்சது.

மகள்கிட்ட சொல்லி, அவள் மாப்பிள்ளைகிட்ட சொல்ல, அதுக்கு நேரம் இருக்கான்னு எனக்குத் தெரியலை.

"மாப்பிள்ளை," என்றேன். கல்யாணம் ஆன ஆறு மாசத்தில் அவுக முகத்தைப் பார்த்து நான் பேசின முதல் வார்த்தை அது. "பீடியைத் தண்ணிக்குள்ள முக்குங்க. சுண்டி எறியாதீக. கையோட முக்குங்க."

அவுக முகம் சிவந்து போச்சு. பீடி குடிச்சதுக்கு ஏசுறேன்னு நினைச்சிட்டாக. ஆனாலும் சொன்னபடி கையைத் தண்ணிக்குள்ள விட்டு முக்கினாக. உஸ்ஸுன்னு ஒரு சத்தம். அது அணைஞ்ச பிறகும் உஸ்ஸுன்னு கேட்டுக்கிட்டே இருந்துச்சு. அது டிரம்முக்குள்ள இருந்து வந்த சத்தம்.

"ஏட்டி, காலை எடு. முன்னாடி போ. ரெண்டு பேரும் போங்க."

"ஏம்மா, மீன் கடிக்குது..."

"போடின்னா."

என் குரலை அப்படி மகள் கேட்டதில்லை. போனா. மாப்பிள்ளையும் பின்னாலேயே போனாக. மகன் கிட்ட வந்து குனிஞ்சு மூடியைப் பார்த்தான். அவன் முகத்தில் அப்போதான் நிறம் மாறுச்சு. உடனே கம்பை ஊன்றிக் கரையைப் பார்த்துத் தள்ள ஆரம்பிச்சான்.

போகும்போது பத்து நிமிஷம்கூட ஆகலை. திரும்பும்போது கரை வரவே மாட்டேங்குது. பாதியில் முங்கின கருவேலக் கிளை ஒண்ணில் தெப்பம் மாட்டிக்கிருச்சு. முன்பக்கம் நாலு பேர் பாரம், பின்பக்கம் தூக்கி, அந்த டிரம் தண்ணியை விட்டு மேலே வந்து நின்னுச்சு. தண்ணி படாததால் அது இன்னும் சீக்கிரம் சூடேறும்னு எனக்குத் தோணுச்சு. நான் அங்கேயே அதுக்குப் பக்கத்தில் உக்காந்து, கையால் தண்ணி அள்ளி அள்ளி ஊத்திக்கிட்டு இருந்தேன். உள்ளே உலை கொதிக்கிற மாதிரி ஒரு சத்தம்.

"அத்தை, நீங்களும் முன்னாடி வாங்க" என்றாக மாப்பிள்ளை.

"பின்னாடி பாரம் வேணும் மாப்பிள்ளை. நீங்க மச்சான் கூடக் கம்பைப் பிடிங்க."

ரெண்டு பேரும் சேர்ந்து நெம்பினாக. கிளை முறிஞ்சுச்சு. முழங்கால் ஆழம் வந்ததும் மாப்பிள்ளை அவுக அம்மாவைத் தூக்கி இறக்கினாக, மகள் தானா குதிச்சா. நான் இறங்கினது எனக்கு நினைவில்லை. அவள்தான் என்னைப் பிடிச்சு இழுத்தாளாம். கரைமேட்டில் ஏறித் திரும்பிப் பார்த்தால் மகனைக் காணோம். கட்டுக்கயித்தை எடுக்க அவன் திரும்பிப் போயிருந்தான். மாப்பிள்ளை பார்க்கிறாகன்னு, ஒண்ணுமில்லை என்கிற மாதிரி நடந்து போனான்.

கூப்பிட வாயைத் திறந்தேன். அதுக்குள்ள மூடி கழண்டு போச்சு.

பெரிய சத்தம் ஒண்ணும் இல்லை. நாங்க கேட்டுப் பழகின சத்தத்துக்கு அது சத்தமே இல்லை. மூடி அவன் காதுக்குப் பக்கத்தில் பறந்து போய்த் தண்ணியில் விழுந்துச்சு. சாம்பல் நிறத்தில் நுரை பீச்சி அவன் வலது கை முழுசும் அடிச்சது. தண்ணிக்குள்ள உக்காந்துட்டான். மாப்பிள்ளைதான் போய்த் தோளைக் கொடுத்துக் கூட்டி வந்தாக. கை வெந்து தோல் சுருண்டு கிடந்தது. விரல் அஞ்சும் இருந்துச்சு. நான் எண்ணிப் பார்த்தேன்.

பிடிச்ச மீன் எல்லாம் தெப்பத்திலேயே கிடந்தது. யாரும் போய் எடுக்கலை.

சாயங்காலம் சம்மந்தியம்மா கிளம்பும்போது என்னைத் தனியா கூப்பிட்டாக. சிரிப்பு எல்லாம் போயிருந்துச்சு. "மதினி, உங்களைக் குறை சொல்லலை. ஆனா உங்க வீட்டுல எந்தச் சாமான் எங்க இருந்து வந்ததுன்னு எனக்கு எப்படித் தெரியும்? பொங்கலுக்குப் பிள்ளைகளை அனுப்பச் சொல்லிக் கேக்காதீக."

நான் சரின்னு தலையை ஆட்டினேன்.

அவுக போன பிறகு வீட்டைச் சுத்திப் பார்த்தேன். அரிசி வச்சிருக்கிற தகர டின் கம்பெனி டின். குடிக்கத் தண்ணி பிடிக்கிற கேன் கம்பெனி கேன். துவைக்கிற வாளி, தவிடு போடுற சட்டி எல்லாம் அங்கிருந்து வந்ததுதான். எங்க தெருவில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான். இத்தனை வருஷம் புழங்கினதில் ஒண்ணும் இருக்காதுன்னு தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொண்ணா மோந்து பார்த்து, மூடியைக் கழட்டி முற்றத்தில் கவுத்திப் போட்டேன்.

கைக்கட்டோட மகன் வந்து பார்த்தான். "எல்லாத்தையும் கவுத்திப் போட்டா எதுலம்மா தண்ணி பிடிக்க?"

"ஏய்யா, கம்பெனியில கழுவுனா காய விடுறீகளா?"

"சீசன் நேரத்துல யாரும்மா காய விடுறா? ஆர்டர் முடியணும்ல. ஒண்ணும் ஆகலையே இதுவரைக்கும்." சொல்லிட்டுச் சிரிச்சான்.

டிரம்மைத் தொட்டப்போ இருந்த பயத்தை விட அந்தச் சிரிப்புக்கு நான் அதிகமா பயந்தேன். எங்களுக்குப் பயம் இருந்துச்சு. பயத்தோடதான் நிதம் உள்ளே போனோம், அதனாலதான் வெளியே வந்தோம். இவனுக்கு அது இல்லை. வேலையை விட்டுருன்னு சொன்னேன், வேற என்னம்மா தெரியும் எனக்குன்னு கேட்டான். கம்பெனி திறந்த அன்னைக்கே, தோல் சரியா மூடாத கையோட போயிட்டான். மகள் உசுரு அன்னைக்குத் தப்பிச்சது. மகன் தினமும் காலையில் ஏழு மணிக்குப் போறான். மாப்பிள்ளை இப்போ நேரா எனக்கே போன் போட்டு, "அத்தை, மச்சான் வந்துட்டாரா?" என்று கேட்கிறாக. வந்துட்டான் மாப்பிள்ளை என்று நானும் நேராவே பதில் சொல்றேன்.

மூணு நாள் காய விடணும்னு எழுதியிருக்கேன். அது நான் வேலை பார்த்த காலத்துக் கணக்கு. இப்போ மருந்து மாறிருச்சு என்கிறாக. மழைக்காலத்தில் எத்தனை நாள், எந்த மருந்துக்கு எம்புட்டு நேரத்தில் சூடேறும் என்பதும் எனக்குச் சரியாத் தெரியாது. டிரம் இடது மூலையில் இருந்துச்சா வலது மூலையா என்பதிலும் மகளுக்கும் எனக்கும் ஒத்துவரலை. விவரம் தெரிஞ்சு வேலையில் இருக்கிறவுக யாராவது இதைப் படிச்சுப் பார்த்து, தப்பு இருந்தால் திருத்திக் கொடுங்க. திருத்தினதை என் மகனுக்கும் ஒரு தடவை வாசிச்சுக் காட்டுங்க. நான் சொன்னால் சிரிக்கிறான்.